அப்பா அம்மாவை கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு பிஸ்னஸ் கிளாஸில் அனுப்ப: விலையைக் குறைக்கும் வழிகள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 71. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் தயவில் இரண்டு பேருக்கும் சூப்பர் விசா, அதாவது பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்குக் கனடா கொடுக்கும் நீண்டகால விசா, கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, நெடுநேரம் காலை மடக்கிக்கொண்டு இருக்க முடியாது. காலி வீதியில் ஒரு ஏஜென்சியில் பிஸ்னஸ் கிளாஸ் விலை கேட்டீர்கள். எக்கொனமியின் நாலு மடங்குக்கு மேல் சொன்னார்கள். இதைக் குறைக்க வழி உண்டா, இல்லாவிட்டால் எக்கொனமியிலேயே அனுப்பிவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

வழி உண்டு. கொழும்பில் ரிக்கெற் போடும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பெரும்பாலான குடும்பங்கள் "பிஸ்னஸ் கிளாஸ் என்ன விலை?" என்று கேட்டு, போகும் பயணம், வரும் பயணம், இடையில் மாறும் பயணம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசைக் கட்டிவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அப்பா எந்த மணித்தியாலங்களில் காலை நீட்டிப் படுத்தே ஆக வேண்டும்? அந்த மணித்தியாலங்களுக்கு மட்டும் காசைப் போடுங்கள்.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. டுபாய், டோஹா, அபுதாபி வழியாகப் போனால் முதல் பகுதி ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம், இரண்டாவது பகுதி ஏறக்குறைய பதினாலு மணித்தியாலம். இஸ்தான்புல் வழியாகப் போனால் முதலாவது எட்டரை ஒன்பது, இரண்டாவது பத்தரை பதினொன்று என்று கிட்டத்தட்டச் சமமாகப் பிரியும். வளைகுடா வழியில் உங்கள் அப்பாவுக்குப் படுக்கை தேவைப்படுவது அந்தப் பதினாலு மணித்தியாலத்துக்குத்தான். கட்டுநாயக்காவில் ஏறி ஐந்து மணித்தியாலம் நடைபாதை ஓர இருக்கையில், அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடந்துகொண்டு, அவரால் சமாளிக்க முடியும். கால் நீட்ட இடமுள்ள முன்வரிசை இருக்கையைக் கொஞ்சம் காசு கட்டி முன்கூட்டியே எடுக்கலாம். அவசர வாசலுக்குப் பக்கத்து இருக்கையை மட்டும் கேட்க வேண்டாம், அப்பாவின் நிலையில் அதைக் கொடுக்க மாட்டார்கள். இஸ்தான்புல் வழியில் இந்தக் கணக்குச் சரிவராது, இரண்டு பகுதியும் நீளம். அதனால் மேலோட்டமாக இஸ்தான்புல் விலை குறைவாகத் தெரிந்தாலும் உங்கள் விஷயத்தில் வளைகுடா வழியை முதலில் பாருங்கள்.

ஒரு பகுதி எக்கொனமி, ஒரு பகுதி பிஸ்னஸ் என்று ஒரே ரிக்கெற்றில் போட முடியுமா? பல நிறுவனங்களில் முடியும். இணையத்தில் சாதாரணமாகத் தேடினால் அது தெரியாது, ஏஜென்ட்டின் கணினியில் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வகுப்பைப் போட்டு விலை எடுத்துப் பார்க்க வேண்டும். சில வேளை வித்தியாசம் பெரிதாக வரும். சில வேளை விலை விதிகள் இடம்கொடுக்காமல் முழு பிஸ்னஸ் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைச் செய்து பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. "அப்படியெல்லாம் போட ஏலாது" என்று கணினியைத் தொடாமலே சொல்கிறவரிடம் மினக்கெட வேண்டாம், அடுத்த ஏஜென்சிக்குப் போங்கள். போகும்போது பிஸ்னஸ், வரும்போது எக்கொனமி என்று திசைக்கு ஒரு வகுப்புப் போடுவது இதைவிட எளிது.

இனி இருக்கை. எல்லா பிஸ்னஸ் கிளாஸும் ஒன்றல்ல என்பதைக் காசு கட்டிய பிறகுதான் பலர் அறிகிறார்கள். எமிரேட்ஸின் பழைய அமைப்புள்ள 777 விமானங்களில் பிஸ்னஸ் இருக்கைகள் ஒரு வரிசையில் இரண்டு, மூன்று, இரண்டு என்று இருக்கும். யன்னல் பக்கம் இருக்கிறவர் இரவில் கழிவறைக்குப் போக வேண்டுமானால் பக்கத்தில் நீட்டிப் படுத்திருப்பவரின் கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும். முழங்கால் மாற்றிய ஒருவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அதே நிறுவனத்தின் ஏ380 விமானத்தில் ஒன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வொருவருக்கும் நேரே நடைபாதை. டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு அவர்கள் விடுவது ஏ380தான். கட்டார் எயார்வேய்ஸ் 777, ஏ350 விமானங்களில் கதவோடு கூடிய கியூசூட் அமைப்பை வைத்திருக்கிறது, ஆனால் எல்லா விமானத்திலும் இல்லை. ஸ்ரீலங்கனின் ஏ330-300இல் ஒன்று, இரண்டு, ஒன்று. அதே நிறுவனத்தின் ஏ330-200இல் இரண்டு, இரண்டு, இரண்டு.

ஏஜென்ட் தரும் பயண விபரத்தில் விமானத்தின் வகை மூன்று எழுத்தில் இருக்கும். 388 என்றால் ஏ380. 77டபிள்யூ என்றால் 777-300இஆர். 333 என்றால் ஏ330-300. அந்தத் திகதிக்கு அந்த விமானத்தின் இருக்கை வரைபடத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நடைபாதை ஓரம், அம்மாவுக்கு அவருக்குப் பக்கத்து இருக்கை. ஒன்று இரண்டு ஒன்று அமைப்பில் நடுவில் இருக்கும் இரண்டும் தம்பதிக்குச் சரியாக இருக்கும்.

விலை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பேரம் பேசத் தேவையில்லாமலே காசு குறையும். ஒரு விமானத்தின் பிஸ்னஸ் பகுதியில் உள்ள எல்லா இருக்கையும் ஒரே விலைக்கு விற்கப்படுவதில்லை. ஜே, சி, டி, ஐ, இசட் என்பது போன்ற எழுத்துகளில் பல படிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஜே பொதுவாக ஆகக் கூடிய விலை, எந்நேரமும் மாற்றலாம். கீழ்ப்படி எழுத்துகள் மலிவு, ஆனால் விதிகள் இறுக்கம், இருக்கைகளும் கொஞ்சம்தான். எந்த எழுத்து எந்தப் படி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இதிலிருந்து வரும் ஒரு விஷயம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். இரண்டு பேருக்கு என்று தேடும்போது, கீழ்ப்படியில் ஒரேயொரு இருக்கைதான் மிஞ்சியிருந்தால், கணினி இரண்டு பேரையும் மேல்படிக்குத் தூக்கிவிடும். ஒருவருக்கு மலிவு விலை இருப்பதே உங்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் ஒருவருக்கு என்று தேடுங்கள், பிறகு இரண்டு பேருக்கு. தலைக்கு வரும் விலை வித்தியாசப்பட்டால், ஒருவரை மலிவுப் படியிலும் மற்றவரை அடுத்த படியிலும் தனித்தனியாகப் பதியலாம். அப்படிச் செய்தால் இரண்டு பதிவு எண்கள் வரும். இருவரும் சேர்ந்து பயணிக்கிறவர்கள் என்ற குறிப்பை இரண்டு பதிவிலும் போடச் சொல்ல மறக்கக் கூடாது. விமானம் தாமதமாகி மாற்று விமானத்தில் ஏற்றும் நிலை வந்தால், அந்தக் குறிப்பு இல்லாமல் அப்பா ஒரு விமானத்திலும் அம்மா இன்னொன்றிலும் போக நேரிடலாம். வித்தியாசம் சொற்பமென்றால் ஒரே பதிவிலேயே விட்டுவிடுங்கள். வயதானவர்கள் விஷயத்தில் அந்த நிம்மதிக்குப் பெறுமதி உண்டு.

திகதியைப் பற்றிப் பலரும் செவ்வாய்க்கிழமை மலிவு, இரவு பன்னிரண்டு மணிக்குத் தேடினால் மலிவு என்றெல்லாம் சொல்வார்கள். நான் அதில் நேரம் செலவழிக்க மாட்டேன். பார்க்க வேண்டியது நம்முடைய ஆக்கள் எந்தத் திசையில் எப்போது அசைகிறார்கள் என்பதை. கனடாவில் ஜூன் கடைசியிலும் லண்டனில் ஜூலை பிற்பகுதியிலும் பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் புலம்பெயர்ந்த குடும்பங்கள் இங்கே வருகின்றன. நல்லூர்த் திருவிழா முடிந்து ஓகஸ்ட் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை திரும்பிப் போகின்றன. டிசம்பர் நடுப்பகுதியில் மறுபடி வந்து ஜனவரி முதல் வாரங்களில் திரும்பும். அதனால் கொழும்பிலிருந்து ரொறன்ரோ போகிற திசையில் நெரிசல் ஓகஸ்ட் கடைசியிலும் ஜனவரி முற்பகுதியிலும்தான். உங்கள் அப்பா அம்மா எதிர்த்திசைக்காரர்கள். பேரப்பிள்ளைகளின் விடுமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜூன் நடுப்பகுதியில் அனுப்பலாம், கூட்டத்துக்கு எதிராகப் போவார்கள். குளிரும் இருக்காது. மே மாதம் இன்னும் நல்லது. கூகுள் ஃபிளைட்ஸில் பிஸ்னஸ் என்று வைத்து, திகதி அட்டவணையைத் திறந்து, ஒரு மாதத்தை முழுதாகப் பாருங்கள். விலை மாறும்போது மின்னஞ்சல் வரும்படி அங்கேயே வைத்துவிடலாம். இதற்குக் காசில்லை.

போய் எவ்வளவு காலம் நிற்கப்போகிறார்கள் என்பதும் விலையை மாற்றும். 2022 ஜூலையிலிருந்து சூப்பர் விசாவில் ஒரு தடவை நுழைந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் போய்வரும் ரிக்கெற் சாதாரணமாகப் பயணம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மலிவான பிஸ்னஸ் விலைகளில் சில மூன்று மாதம், ஆறு மாதம் என்றே கட்டுப்படுத்தும். "இந்த விலையில் அதிகபட்சம் எவ்வளவு காலம் நிற்கலாம், திரும்பும் திகதியை மாற்ற எவ்வளவு?" என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஒருவழி மட்டும் வாங்குவது பெரிய நிறுவனங்களில் பாதி விலைக்கு வராது, பெரும்பாலும் பாதியை விடக் கூட வரும். ஒரு வருடத்துக்குள் நிச்சயம் திரும்புவார்கள் என்றால் போய்வரும் ரிக்கெற்தான் ஆதாயம்.

இந்த இடத்தில் யாராவது "சென்னையிலிருந்து போட்டால் மலிவு" என்று சொல்வார்கள். பொய்யில்லை. விலை எந்த நகரத்தில் பயணம் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே விமானத்துக்குக் கொழும்பில் ஒரு விலை, சென்னையில் இன்னொரு விலை, பெங்களூரில் வேறொன்று. இளம் ஆள் ஒருவர் தனியாகப் போகிறார் என்றால் நானே சென்னை விலையைப் பார்த்துச் சொல்வேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா வேண்டும். இரண்டு தனி ரிக்கெற் என்பதால் பெட்டியை எடுத்து வெளியே வந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கொழும்பு விமானம் பிந்தினால் அடுத்த நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. "சென்னையில் தொடங்கிக் கொழும்பு வழியாகப் போகும் ரிக்கெற்றை வாங்கி, கொழும்பில்தான் ஏறுவோம், சென்னைப் பகுதியை மட்டும் விட்டுவிடலாமே" என்ற யோசனை வந்தால் அதையும் விடுங்கள். ஒரு ரிக்கெற்றின் முதல் பகுதிக்கு நீங்கள் போகாவிட்டால் மிச்சப் பகுதிகள் முழுவதும் ரத்தாகும். விமான நிலையத்தில் கெஞ்சினாலும் நடக்காது.

விசா என்றதும் இன்னொன்று. மலிவான விலை சில சமயம் பிராங்பேர்ட், லண்டன் வழியாக வரும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே ஷெங்கன் நாடுகளும் பிரித்தானியாவும் இடைமாற்று விசா கேட்கின்றன. செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு, ஆகவே உங்கள் வீட்டில் பிரச்சினை வராது. ஆனாலும் விதிகள் மாறுவதுண்டு. காசு கட்ட முன் அந்தந்த நாட்டின் அரச இணையத்தளத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் பெரிய வழிக்கு வருகிறேன். அது உங்கள் கையில் இல்லை, ஸ்காபரோவில் அக்காவின் கையில் இருக்கிறது. கனடாவில் எயார் கனடாவின் ஏரோபிளான் என்ற புள்ளித் திட்டம் இருக்கிறது. அங்கே இருக்கும் பல குடும்பங்கள் மளிகைச் சாமான், பெற்றோல், காப்புறுதி எல்லாவற்றையும் கடனட்டையில் கட்டி, புள்ளிகள் சேர்ந்துகொண்டே போக, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறார்கள். சிலர் கடைப் பரிசு அட்டையாக மாற்றிவிடுகிறார்கள், அதுதான் புள்ளிக்கு ஆகக் குறைந்த பெறுமதி கிடைக்கும் வழிகளில் ஒன்று. நீண்ட தூர பிஸ்னஸ் இருக்கைக்குப் பாவித்தால் அதே புள்ளிக்குப் பல மடங்கு பெறுமதி கிடைக்கும்.

ஏரோபிளான் புள்ளியால் எயார் கனடாவில் மட்டுமில்லை, துணை நிறுவனங்கள், அதாவது அதோடு உடன்பாடு வைத்திருக்கும் வேறு விமான நிறுவனங்கள், பலவற்றிலும் இருக்கை எடுக்கலாம். கொழும்புக்கு வருகிற நிறுவனங்களில் எமிரேட்ஸ், எதிஹாட், டேர்கிஷ், சிங்கப்பூர் எயார்லைன்ஸ், எயார் இந்தியா எல்லாம் அதில் அடக்கம். புள்ளி வைத்திருப்பவரே பயணிக்க வேண்டும் என்றில்லை, அக்கா தன் கணக்கிலிருந்து அப்பா அம்மா பெயரில் பதியலாம். 2020 நவம்பரில் அந்தத் திட்டத்தைப் புதிதாக மாற்றியபோது விமான நிறுவனங்கள் சேர்க்கும் எரிபொருள் மேலதிகக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் கையிலிருந்து கட்ட வேண்டியது அரச வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும், துணை நிறுவனத்தில் பதிந்தால் 39 கனடிய டொலர் பதிவுக் கட்டணமும்தான். வேறு சில திட்டங்களில் புள்ளியையும் கொடுத்து, அதற்குமேல் எரிபொருள் கட்டணமென்று பெரிய தொகையையும் கட்ட வேண்டி வரும்.

ஒருவழிக்கு என்று தனியாகவும் பதியலாம், அதற்குக் கூடுதல் தண்டம் இல்லை. காசு ரிக்கெற்றில் ஒருவழி நட்டம் என்று மேலே சொன்னேனே, புள்ளியில் அந்த நட்டம் இல்லை. அதனால் போகும் பயணம் புள்ளியில் பிஸ்னஸ், திரும்புவதை அப்போதைய நிலைமையைப் பார்த்து முடிவெடுப்பது என்று வைக்கலாம். ஐந்து வருட சூப்பர் விசாவுக்கு அதுதான் பொருத்தமும் கூட.

இதிலுள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். புள்ளிக்குத் திறந்துவிடும் பிஸ்னஸ் இருக்கைகள் சொற்பம். ஒரே நாளில் இரண்டு கிடைக்கப் பொறுமை வேண்டும். ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு முன், அட்டவணை திறக்கும் காலத்தில் ஒருதரமும், புறப்படக் கடைசி இரண்டு மூன்று வாரத்தில் ஒருதரமும் இடம் தெரியும் வாய்ப்பு அதிகம். சில துணை நிறுவனங்களுக்கு நிலையான புள்ளி அட்டவணை இல்லை, நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இன்னொரு கவனம்: "பிஸ்னஸ்" என்று பெரிதாகக் காட்டி, கீழே சின்ன எழுத்தில் ஒரு பகுதி எக்கொனமி என்று போட்டிருக்கும். ஐந்து மணித்தியாலப் பகுதி எக்கொனமியாக இருந்தால் பரவாயில்லை. பதினாலு மணித்தியாலப் பகுதி எக்கொனமியாக இருந்தால் புள்ளி முழுவதும் வீண். அக்காவிடம் ஒவ்வொரு பகுதியின் வகுப்பையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புள்ளி போதாவிட்டால், கனடாவில் ஏரோபிளான் கடனட்டைகளுக்கு முதல்முறை எடுப்போருக்கு வரவேற்புப் புள்ளிகள் கொடுக்கிறார்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் புள்ளிகளையும் அங்கே ஒன்றுக்கு ஒன்றாக ஏரோபிளானுக்கு மாற்றலாம். அக்காவும் அத்தானும் தனித்தனியே எடுத்தால் நல்ல தொகை சேரும். ஒரே நிபந்தனை, மாதாமாதம் முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். வட்டி கட்டத் தொடங்கினால் அந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லை.

இதே நிலையில் லண்டனில் பிள்ளைகள் உள்ளவர்கள் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் கொடுக்கும் ஏவியோஸ் புள்ளியைப் பாருங்கள். கட்டார் எயார்வேய்ஸும் அதையே பாவிக்கிறது, 2014இலிருந்து வன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கும் ஸ்ரீலங்கனிலும் அதைக்கொண்டு இருக்கை தேடலாம். அவுஸ்திரேலியாவில் உள்ளவர்களுக்குக் குவாண்டஸ் புள்ளி.

லண்டன் பயணத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்ரீலங்கனின் நேரடி விமானம் பல வருடமாகக் கொழும்பிலிருந்து பகலில் புறப்பட்டு இரவில் ஹீத்ரோவில் இறங்குகிறது. அங்கிருந்து இரவில் புறப்பட்டு மறுநாள் இங்கே வருகிறது. போவது பதினொரு மணித்தியாலப் பகல் பயணம், வருவது இரவுப் பயணம். படுக்கையின் பயன் திரும்பும்போதுதான். ஆனால் பிரித்தானியாவிலிருந்து புறப்படுகிறவர்களிடம் அந்த அரசு விமானப் பயணி வரி அறவிடுகிறது, பிஸ்னஸில் அது எக்கொனமியின் இரண்டு மடங்குக்கு மேல், தலைக்கு 200 பவுணைத் தாண்டும். லண்டனுக்குப் போகும்போது அந்த வரி கிடையாது. இரண்டையும் வைத்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மெல்பேண் போகிறவர்களுக்குக் கொழும்பிலிருந்து புறப்படும் விமானம்தான் இரவுப் பயணம், அங்கே போகும் திசைக்குப் படுக்கை.

எக்கொனமி வாங்கிவிட்டு ஏலத்தில் பிஸ்னஸுக்கு மாறுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எதிஹாட், மலேசியா எயார்லைன்ஸ், எயார் கனடா போன்றவை இதை நடத்துகின்றன. புறப்பட முன் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகையைப் போடுவீர்கள், இடம் மிஞ்சினால் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் கேட்கலாம் என்பதால் பதினாலு மணித்தியாலப் பகுதிக்கு மட்டும் போடலாம், நல்ல விஷயம். பதிவில் உள்ள இரண்டு பேருக்கும் சேர்த்தே அது செல்லும், தலைக்குப் போடும் தொகை இரட்டிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் இது கிடைத்தால் கிடைக்கும். அப்பா எக்கொனமியில் போகவே முடியாது என்று மருத்துவர் சொன்னால், ஏலத்தை நம்பி எக்கொனமி வாங்குவது அவரின் காலை வைத்துச் சூதாடுவது. முடியும், ஆனால் சிரமம் என்றால் முயற்சிக்கலாம். திரும்பி வரும் பயணத்துக்கு இது ஏற்றது.

மலிவு பிஸ்னஸ் விலையில் என்ன கழிக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். எமிரேட்ஸில் ஸ்பெஷல், கட்டாரில் லைட் என்ற பெயர்களில் வந்த விலைகளில் இருக்கையும் சாப்பாடும் அதேதான், விமான நிலையத்தின் லவுஞ்ச் என்ற ஓய்வறை கிடையாது, இருக்கையை முன்கூட்டி இலவசமாகத் தெரிவுசெய்ய முடியாது. இது எனக்குப் பிடித்த விலை. விமானத்துக்குள் படுக்கைதான் வேண்டும், மற்றது தேவையில்லை என்ற உங்களைப் போன்றவர்களுக்கே அது போட்டிருப்பது போல. இடைமாற்று நேரம் நாலு ஐந்து மணித்தியாலமாக இருந்தால் லவுஞ்சுக்கு மட்டும் தனியாகக் காசு கட்டி அப்பாவை உள்ளே இருத்தலாம். மாற்று நேரத்தை இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறைய வைக்க வேண்டாம்.

ஏஜென்ட்டிடம் வாங்குவதா, இணையத்தில் நேரே வாங்குவதா? நான் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். கொழும்பில் நல்ல ஏஜென்சிகளுக்கு நிறுவனங்கள் வெளியே காட்டாத விலைகளைக் கொடுக்கின்றன, பிஸ்னஸ் கிளாஸில் அந்த வித்தியாசம் எக்கொனமியை விடத் தெளிவாகத் தெரியும். இணையத்தில் நேரே வாங்கினால் வங்கிக் கடனட்டைச் சலுகையும் வட்டியில்லாத் தவணையும் கிடைக்கலாம். ஏஜென்ட்டிடம் வாங்கினால் ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்: ரிக்கெற் எண். ஆறு எழுத்துப் பதிவு எண் ரிக்கெற் ஆகாது. அது இருக்கை பிடித்து வைத்ததற்கான அடையாளம் மட்டுமே, காசு நிறுவனத்துக்குப் போகாவிட்டால் சில நாளில் தானாக விழுந்துவிடும். உண்மையான ரிக்கெற்றில் பதின்மூன்று இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: 176 எமிரேட்ஸ், 157 கட்டார், 607 எதிஹாட், 235 டேர்கிஷ், 603 ஸ்ரீலங்கன். காசைக் கட்டிய அன்றே அந்த எண்ணை வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் நீங்களே பதிவைத் திறந்து பாருங்கள். பற்றுச்சீட்டும் பதிவு எண்ணும் இருக்கிறது என்று நம்பி, பயண நாளன்று கட்டுநாயக்காவில் பெட்டியோடு நின்று அழுதவர்கள் இருக்கிறார்கள். பிஸ்னஸ் தொகை இழந்தால் ஒரு குடும்பம் எழும்ப வருடங்கள் ஆகும்.

ஏஜென்ட் இன்று சொன்ன விலை அடுத்த வாரம் நிற்கும் என்று எண்ண வேண்டாம். விலையின் அடி டொலரில் இருக்கிறது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது ரிக்கெற் விலைகள் எப்படி ஏறின என்று எல்லோரும் பார்த்தோம். எத்தனை நாள், எத்தனை மணி வரை அந்த விலை செல்லும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்து, உங்கள் வீட்டுக்கு நான் செய்யக்கூடியது: இன்றிரவே அக்காவுக்கு எடுத்து ஏரோபிளான் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். மே, ஜூன் மாதங்களில் டுபாய், அபுதாபி வழியாக இரண்டு இருக்கை தேடச் சொல்வேன். அதே நேரம் இங்கே இரண்டு ஏஜென்சிகளில் முதல் பகுதி எக்கொனமி, இரண்டாம் பகுதி பிஸ்னஸ் என்றும், முழு பிஸ்னஸின் ஆகக் கீழ்ப்படி என்றும் இரண்டு விலை எடுப்பேன். புள்ளி இரண்டு பேருக்குப் போதாமல் ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் அப்பாவுக்குப் புள்ளியில், அம்மாவுக்கு அதே விமானத்தில் காசுக்கு. அம்மாவுக்கு உடம்பில் குறையில்லை, எக்கொனமி போதும் என்று அவரே சொல்லக்கூடும். ஆனால் அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர் அவர்தான் என்றால் பக்கத்திலேயே இருத்துங்கள்.

எந்த வகுப்பில் போனாலும் வீல்செயார் இலவசம். அதற்காக பிஸ்னஸ் வாங்கத் தேவையில்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள். பதியும்போதே கேளுங்கள், புறப்பட 48 மணித்தியாலத்துக்கு முன் மறுபடி உறுதிப்படுத்துங்கள். வெறுமனே "வீல்செயார்" என்று சொல்லிவிட்டால் டபிள்யூசிஎச்ஆர் என்று போட்டுவிடுவார்கள். அது நீளமாக நடக்க முடியாதவருக்கு, படியேற முடிந்தவருக்கு. அப்பாவால் படியேற முடியாது என்றால் டபிள்யூசிஎச்எஸ் என்று போடச் சொல்லுங்கள். வளைகுடா விமான நிலையங்களில் சில சமயம் விமானம் தூரத்தில் நிற்கும், பஸ்ஸில் கொண்டுபோய்ப் படியால் ஏற்றுவார்கள். எஸ் என்ற எழுத்து இருந்தால் அவரை மேலே தூக்கி விமானக் கதவில் விடும் வாகனம் வரும். பெயரும் கடவுச்சீட்டில் இருக்கிறபடியே, எழுத்துக்கு எழுத்து. தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அங்கே அக்கா ஒரு மாதிரியும் இங்கே ஏஜென்ட் ஒரு மாதிரியும் போட்டுவிடுவார்கள். இருவருக்கும் கடவுச்சீட்டின் படத்தை அனுப்பிவிட்டே பதியச் சொல்லுங்கள்.